டீச்சரிடம் கேளுங்கள்: அப்பாவின் பெல்ட்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். வண்டன்மேடு பக்கத்திலிருந்து ஒரு ஜீப் டிரைவர் எழுதியது. நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள், இரண்டு பக்கமும் எழுத்து. அவரிடம் அனுமதி கேட்டுச் சுருக்கித் தருகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன். இதற்கே இடம் போய்விட்டதால் வேறு மூன்று கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறேன். அவையும் இதைச் சுற்றியே வந்தவை.

டீச்சருக்கு வணக்கம். பெயர் போட வேண்டாம். எனக்கு 36 வயது. விடிகாலையில் கம்பம்மெட்டு இறங்கி, கம்பத்தில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டில் விடுவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். வண்டியில் வருகிற யாரும் என்னைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டார்கள். சத்தமாகப் பேசமாட்டேன். குடிப்பதில்லை. பீடிகூடக் கிடையாது.

எங்க அப்பா பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். எனக்குப் பதினோரு வயதில் தோட்டத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னாலும் குடிப்பார், அப்புறம் தினமும். இடுப்பு பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். என்னை லயத்து வாசலில் பனியில் முட்டி போட வைப்பார். வரிசை வீடு, எல்லாரும் பார்ப்பார்கள். ஒருத்தரும் வெளியே வரமாட்டார்கள். அவர் செத்தபோது தம்பி வாட்சை எடுத்துக்கொண்டான். நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஒருநாள்கூட நான் அதைக் கட்டியதில்லை.

என் மகன் நாலாவது படிக்கிறான். போன மாதம் கடைக்கு அனுப்பினேன். மீதி 160 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தான். எங்கடா என்று கேட்டால் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றான். மறுபடியும் கேட்டேன். அதற்கும் பேச்சில்லை. அந்தத் திமிரைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை டீச்சர். பெல்ட்டை எடுத்துவிட்டேன். பக்கிள் காதோரம் பட்டது. அன்றைக்கு முதல் அவனும் என் வீட்டுக்காரியும் அடுக்களையில் பாய் போட்டு, உள்தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறார்கள். பையன் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போகிறான். கையால் முன்னாலேயே பலமுறை அடித்திருக்கிறேன். பெல்ட் இதுதான் முதல் தடவை. அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் குடியைத் தொடவே இல்லை. குடிக்காமலே அப்பா மாதிரி ஆகிவிட்டேன். தாத்தாவும் அப்படித்தானாம். இது எங்கள் ரத்தத்தில் இருக்கிற வியாதியா? மருந்து உண்டா?

தம்பி, அனுமதி கேட்கப் போன் செய்தபோது நான் முதலில் கேட்டது பையனின் காதைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டதாகச் சொன்னீர்கள், செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை என்றீர்கள். நல்லது. மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன்: காதிலோ தலையிலோ அடி விழுந்து, அதற்கப்புறம் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, வாந்தி எடுக்கிறது, தூங்கி வழிகிறது என்றால் அடித்தது வெளியே தெரிந்துவிடுமே என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். படுக்கை நனைவது வேண்டுமென்று செய்வது இல்லை. மூத்திரத்தை அடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக ஒரு சொல்கூடத் திட்டக் கூடாது. பாயை மாற்றிப் போட்டால் போதும். சில வாரத்தில் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் இருக்கிற வியாதி இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

கேத்தி விடம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சிறுவயதில் அடிபட்டதாக, கவனிப்பாரற்று விடப்பட்டதாக நீதிமன்றப் பதிவேட்டில் இருந்த 908 பேரை எடுத்துக்கொண்டார். அதே வயது, அதே மாதிரிப் பின்னணியில், அப்படிப் பதிவு இல்லாத 667 பேரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வளர்ந்த பிறகு ஏதாவது குற்றத்துக்குக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 29 பேர், இரண்டாவதில் 21 பேர். வன்முறைக் குற்றம் என்று பார்த்தால் 11 பேர், 8 பேர். சிறுவயதுக் கொடுமைக்கு விளைவு உண்டு என்று இந்த எண்கள் சொல்கின்றன. அடிபட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் போகவில்லை என்றும் அதே எண்கள்தான் சொல்கின்றன. ஒன்றை மறைக்கக் கூடாது. இது போலீஸ் பிடித்ததை மட்டும் எண்ணிய கணக்கு. உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் வீட்டுக்குள் விழும் அடிக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "தாத்தா, அப்பா, நான்" என்று நீங்கள் போட்டிருக்கும் வரிசை தலையெழுத்து இல்லை என்று நம்புவதற்கு இது போதும்.

அப்படியானால் அந்த அடி எப்படிக் கை மாறி வருகிறது? உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லின் கீழே நான் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். திமிர்.

பையன் பேசாமல் தலை குனிந்து நின்றான். உங்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. லயத்து வாசலில் நீங்கள் முட்டி போட்டிருந்தபோது அப்பா கேள்வி கேட்டால் பதில் சொல்வீர்களா? போனில் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னீர்கள்: "வாய் வராது டீச்சர். நாக்கு ஒட்டிக்கொள்ளும்." உங்கள் பையனுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டதுதான். நீங்கள் பார்த்தது பயந்துபோன ஒரு பிள்ளையை.

சேத் போலாக் என்ற உளவியலாளர், அடிபட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு முகப் படங்களைக் காட்டி ஆய்வு செய்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டு வரும் முகத்தில் கோபத்தை அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பயமா கோபமா என்று தெரியாத கலவையான முகத்தைக் காட்டினால், அதைக் கோபம் என்று சொல்வதும் அவர்களிடம் அதிகம். பெல்ட் கழற்றுகிற சத்தத்தைக் கேட்டே கட்டிலுக்கு அடியில் போனவர் நீங்கள். அன்றைக்கு அந்தக் காது உங்களைக் காப்பாற்றியது. ஆபத்து எங்கே எங்கே என்று தேடியே பழகிவிட்ட உடம்பு, ஆபத்து போன பிறகும் சும்மா இருப்பதில்லை. ஒன்பது வயதுப் பையனின் மௌனத்தில்கூட ஒரு எதிரியைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு வித்தியாசம், இப்போது கட்டிலுக்கு அடியில் போக வேண்டிய சின்னப் பையன் நீங்கள் இல்லை. அந்த வீட்டிலேயே பெரிய உடம்பு உங்களுடையது.

குடியைத் தொடாதது நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அப்பாவின் கொடுமைக்குக் காரணம் முழுக்கச் சாராயம்தான் என்று சின்ன வயதில் முடிவுகட்டிவிட்டீர்கள். அதனால் அந்த ஒரு வாசலுக்கு மட்டும் காவல் போட்டீர்கள். சொன்னால் உடனே கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஆம்பளைக்கு அவமானம், அவமானத்துக்குப் பதில் அடி. இதையும் அப்பாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டீர்கள். அது இன்னொரு வாசல் வழியாக வந்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பிறந்ததும் ஒரு லயத்தில்தான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா சீக்கிரமே போய்விட்டார். என் இடது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. தோசைக் கரண்டியைச் சுட வைத்து அம்மா போட்ட சூடு. கடையில் கணக்கு எழுதச் சொல்லி மிட்டாய் வாங்கித் தின்றேன், அதற்காக. 1988 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், ஆறு வயது மகள் புதுக் குடையைத் தொலைத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தாள். நான் அப்போது டீச்சர். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். கரண்டியை அடுப்பில் வைத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் வைத்தேன். மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் மறைப்பேன். அதைப் பார்த்ததும் என் முன்கை எரிந்தது, நிஜமாகவே எரிந்தது. கரண்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அது சுர்ரென்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். கத்துவது பல வருடம் நிற்கவில்லை. ஆனால் சூட்டுக்கோல் அன்றோடு நின்றது. ஏன் நின்றது என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பிற்பாடு ஆலோசகர் பயிற்சிக்குப் போனபோது செல்மா ஃப்ரைபெர்க் என்பவர் 1975-ல் தன் சக ஊழியர்களோடு எழுதிய கட்டுரையைப் பாடமாக வைத்தார்கள். கொடுமைக்கு உள்ளான பெற்றோர் சிலர் அதைப் பிள்ளையிடம் திருப்பிச் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை, ஏன்? நடந்ததை இரண்டு வகையினருமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திருப்பிச் செய்பவர்களிடம் அன்றைக்குப் பட்ட வலியும் பயமும் மட்டும் காணாமல் போயிருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. "பனியில் முட்டி போட வைப்பார்" என்று யாருக்கோ நடந்ததைப்போல எழுதியிருக்கிறீர்கள். முட்டி எப்படி இருந்தது? அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னல்களைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள்? நாலு தாளில் இது எங்கேயும் இல்லை.

அதை ஒருத்தரிடம் சொல்ல வேண்டும் தம்பி. டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. நாள் முழுக்க உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1956-ல் எல்லை பிரித்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் இருந்துவிட்டதால் நம்முடைய ஜனம் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் மலையாளத்தில்தான் காரியம் பார்க்கிறது. ரேஷன் கார்டுக்கு மலையாளம் போதும். அப்பா அடித்ததைச் சொல்லி அழுவதற்கு அவரவர் தாய்மொழி வேண்டும்.

இது நாளாகிற வேலை. அதுவரை பையனின் உடம்பில் கை படக் கூடாது. மலை இறங்கும்போது வளைவுக்குள் நுழைந்த பிறகா கியரைக் குறைக்கிறீர்கள்? முன்னாலேயே குறைப்பீர்கள். கோபத்துக்கும் ஒரு முன்னால் உண்டு. காது சூடாகும், தாடை இறுகும், கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்பீர்கள். அன்றைக்கும் இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை கேட்கப்போகிறீர்கள் என்று தெரிந்த உடனே வெளியே போங்கள். ஜீப்பில் போய் உட்காருங்கள், சாவி மட்டும் போடாதீர்கள். அந்த வேகத்தில் வண்டி ஓட்டக் கூடாது. தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரமாவது ஆகட்டும். 160 ரூபாய் எங்கேயும் ஓடிவிடாது, ஓடினாலும் போகட்டும்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "உன்னை அடிச்சது என் தப்பு. பயந்துதான் நீ பேசாம நின்ன, அது எனக்கு அப்பப் புரியல." அவ்வளவுதான். அதற்குப் பின்னால் "ஆனா நீயும்..." என்று தொடங்காதீர்கள். அவன் வந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்க்காதீர்கள், அழாதீர்கள், அவன் உங்களைத் தேற்றும்படி வைக்காதீர்கள். அவர்கள் தாழ்ப்பாள் போட்டுப் படுப்பது உங்களுக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். அந்தக் கதவை அவர்களாகத் திறக்கிற வரைக்கும் தட்டக் கூடாது.

இன்னொன்று. நீங்கள் செய்தது சட்டப்படி குற்றம். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு, அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் மனைவிக்கு நீங்கள் தரக்கூடிய உறுதிமொழிகளில் அவர் நம்பக்கூடியது இது ஒன்றாகத்தான் இப்போதைக்கு இருக்கும். பெல்ட்டை இன்றைக்கே ஆணியிலிருந்து எடுங்கள். எரிப்பதோ புதைப்பதோ உங்கள் விருப்பம், அந்தப் பிள்ளை கண்ணில் படும் இடத்தில் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் திராட்சைக் கமிஷன் மண்டியில் வேலை செய்கிறார். குடித்துவிட்டு வந்து அடிப்பார். மறுநாள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். "எங்க சித்தி எனக்குச் சோறு போடாம, மாட்டுக் கொட்டகையில படுக்க வச்சு வளர்த்தா, அதான் நான் இப்படி ஆயிட்டேன்" என்பார். அது உண்மைதான், ஊருக்கே தெரியும். பாவமாக இருக்கிறது அக்கா. அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறேன். பொறுத்துக்கொண்டால் மாறுவாரா? – பெயர் வேண்டாம், கம்பம்

தங்கச்சி, அவர் பட்டது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பையனுக்காக எனக்கும் மனசு வலிக்கிறது. குடிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 9,500 பேரிடம் கேட்டு 1998-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அடி, ஏச்சு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், அம்மா அடிபடுவதைப் பார்த்தது என்று ஏழு வகைத் துன்பங்களை எண்ணினார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு, எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. ஆக, குடிக்கு உங்கள் வீட்டுக்காரர் ஒரு காரணம் சொன்னால் நம்பலாம். சிகிச்சைக்கு அழைத்துப் போக அது உதவும்.

அடிக்கு அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒன்று யோசித்துப் பாருங்கள். மண்டியில் எடை குறைந்தது என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு முதலாளியை அடித்தாரா? தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார், வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நீண்டது. மாட்டுக் கொட்டகை அங்கேயும் அவருடைய நினைவில்தானே இருந்தது? எங்கே அடித்தால் கேட்பாரில்லையோ அங்கே அடிக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

நீங்கள் பொறுத்துக்கொள்வதால் அவருடைய சித்தி செய்தது இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னொரு பாடத்தைப் படித்துக்கொண்டு வளர்கிறார்கள், காலில் விழுந்து அழுதால் அடித்தது கணக்கில் வராது என்ற பாடம். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் பெயரில் வீடு இருந்தாலும் சரி, வாடகை வீடானாலும் சரி. பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். 181-ஐக் கூப்பிட்டால், அடிபட்ட பெண்களுக்கு உதவும் சகி மையம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று வழி சொல்வார்கள். அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனால், அவர் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: குடி நிறுத்தும் சிகிச்சைக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்கிறீர்கள்? சேர்ந்து, குடிக்காமல் சில மாதம் போய், கையும் அடங்கியதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். குடி நின்றும் கை நிற்காத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள்.

நீங்கள் எப்போதும் அடிக்காதே அடிக்காதே என்று எழுதுகிறீர்கள். எங்கள் அப்பா புளியம் விளாறால் வெளுப்பார். பிள்ளைகள் ஆறு பேர், அதில் ஐந்து பேர் அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றோம். இப்போதுள்ள பிள்ளைகள் தறிகெட்டுப் போவதே அடி இல்லாததால்தான். – ஓய்வு பெற்ற தபால் அலுவலர், குமுளி

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஆறாவது ஆள் எங்கே? கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூன்றாவது தம்பி பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போனவர், இன்று வரை தகவல் இல்லை, அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அதை எழுதியவரும் நீங்கள்தான், "உருப்பட்டோம்" என்று எழுதியவரும் நீங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடி இப்போது குறைந்துவிட்டது என்பதும் சரியில்லை. மத்திய அரசின் மகளிர் குழந்தைகள் அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் அடிபடுவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அடிப்பது 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, அதற்கப்புறமும் புகார் வருகிறது. நீங்கள் ஐந்து பேரும் முன்னுக்கு வந்ததற்குப் புளியம் விளாறு காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? படிக்க வைத்த அம்மா, இரவில் அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய பாட்டி என்று அவர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே.

நான் நர்சிங் இரண்டாம் வருடம். லயத்தில் வளர்ந்தேன். அப்பா அம்மாவை அடிப்பார், என்னையும். வீட்டில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டன் சாயாவும் கப்பையும் கொடுத்து, அங்கேயே படுக்க வைப்பார். போன வாரம் ஹாஸ்டலில் என் கூட இருக்கும் பெண் என் நோட்டை எடுத்துவிட்டாள் என்று பிடித்துத் தள்ளிவிட்டேன். அவள் கட்டிலில் இடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர். நானும் அப்பா மாதிரிதானா? கல்யாணமே வேண்டாமா? – பீர்மேடு தாலுகா

கண்ணு, முதலில் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேள். எப்படிக் கேட்பது என்று மேலே அந்த அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன், அது உனக்கும் பொருந்தும். தள்ளிவிட்டதற்கே ஒரு வாரம் தூங்காமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். உன் அப்பா என்றைக்காவது இப்படி யாருக்காவது எழுதியிருப்பாரா?

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டப் பகுதி, நம் ஊர் மாதிரி வெளியிலிருந்து கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஜனம். அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவருடைய குழுவினரும் பல பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, சண்டை, குடி, மனநோய் என்று எல்லாக் கஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு, திறமையும் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். மற்றவர்களில் பலர் பதின்வயதில் தடுமாறினார்கள், அவர்களிலும் நிறையப் பேர் நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். நிமிர்ந்து நின்றவர்களிடம் வெர்னர் திரும்பத் திரும்பக் கண்ட விஷயங்களில் ஒன்று, வீட்டில் எது நடந்தாலும் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்த்த ஒரு பெரியவர். அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

உன் கடிதத்தில் அப்பாவைப் பற்றி இரண்டு வரி, பாட்டியைப் பற்றிப் பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன். ஜீப் டிரைவர் அண்ணனின் லயத்தில் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் லயத்தில் ஒரு கிழவி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறார். நீ அப்பாவிடம் மட்டும் வளரவில்லை.

கல்யாணத்தைப் பற்றி இப்போது எதுவும் முடிவு செய்யாதே, உனக்கு வயது பத்தொன்பது. காலேஜில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் போ, இல்லாவிட்டால் 14416. பிடித்துத் தள்ளுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் உன் உடம்பு எப்படி இருந்தது என்பதிலிருந்து ஆரம்பி.

பாட்டி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார், கண் சரியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அடுத்த லீவுக்குப் போகும்போது, தாலுகா ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைக் காட்ட நீயே கூட்டிக்கொண்டு போ. புரை என்றால் ஆபரேஷன் செய்துவிடலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.